புளியரை வயல் வரப்பில் ஒலிப்பதிவு: எந்த ட்ரைபாட் வாங்குவது?

வரப்போரம், புளியரை

வணக்கம். செங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் உயிரியல் ஆசிரியராக இருக்கிறேன். வீடு புளியரையில், வயலை ஒட்டி. கார் சாகுபடிக்கு நடவு முடிந்து சாரலும் பிடித்துவிட்டால், பொழுது சாய்ந்ததும் ஆரம்பிக்கிற தவளைச் சத்தம் விடியும்வரை ஓயாது. அதைப் பதிவு செய்து வகுப்பில் போட்டுக் காட்டுகிறேன். முதலில் பிள்ளைகளுக்கு எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் கேட்கும். திரும்பத் திரும்பக் கேட்டபின், "சார், இது தண்ணிக்குள்ள இருந்து கத்துது, அது புல்லுல இருந்து கத்துது" என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லத் தொடங்குவார்கள். படம் போட்டு விளக்கும்போது இந்தப் பிடிப்பு வருவதில்லை. அதனால் பதிவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று ரொம்பவும் ஆசைப்படுகிறேன்.

என்னிடம் இருப்பது ஸூம் எச்1என் ரெக்கார்டர். அதன் முதுகில் கால் இஞ்சு மரை இருக்கிறது. கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர் கொடுத்த பழைய அலுமினிய ட்ரைபாடில் நேராக மாட்டிவிடுகிறேன். லேசான ட்ரைபாட். மூன்று கால்களையும் நடுவில் ஒரு பட்டை இணைத்துப் பிடிக்கும். மேலே கேமராவைத் திருப்புகிற கைப்பிடியும் உண்டு.

சிக்கல் இதுதான். ஜூன், ஜூலையில் ஆரியங்காவு கணவாய் வழியாக வருகிற காற்று உங்களுக்கே தெரியும். ஸ்பாஞ்சு மூடி போட்டும் பதிவில் தும் தும் என்று அடிக்கிறது. காற்று கொஞ்சம் அடங்கியபின்னும் எங்கிருந்தோ ஒரு மெல்லிய கிணுகிணுப்பு கேட்கிறது. அடுத்தது வரப்பு. ஓரடி அகலம்கூட இருக்காது. மூன்று கால்களும் ஒரே அளவுக்கு விரிவதால் ஒரு கால் சேற்றில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. நிறுத்திவிட்டு வந்தால் கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் சாய்ந்து விடுகிறது.

புதிதாக ஒன்று வாங்க ஆறாயிரம் ரூபாய் வரை போகலாம் என்று வைத்திருக்கிறேன். கார்பன் ஃபைபர்தான் வாங்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். அது உண்மையா? எவ்வளவு உயரம் வேண்டும்? பால் ஹெட் (எந்தப் பக்கமும் சாய்த்துத் திருப்புகிற உருண்டைத் தலை) அவசியமா? பைக்கில் எடுத்துப் போக வேண்டும் என்பதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

ஆரல்வாய்க் காற்று, ஆரல்வாய்மொழி

சார், முப்பந்தல் பக்கம் காற்றாலைப் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். ஸ்டாண்டைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும், நான் காற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தரையை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவு. மேலே போகப் போகக் கூடும். காற்றாலைக் கோபுரத்தை அத்தனை உயரம் தூக்கி நிறுத்துவதே அதற்காகத்தான். உங்களுக்கு வேண்டியது நேர்மாறு. நெஞ்சளவில் இருக்கும் மைக்கை முழங்கால் அளவுக்கு இறக்கிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். தவளையும் கீழேதானே இருக்கிறது.

தும் தும் சத்தத்தில் பெரும்பங்கு மைக்கின் மேல் நேராகக் காற்று அடிப்பதால் வருவது. ஆனால் கால் வழியாக ஏறி வருவதும் அதோடு சேரும். உருளையான தண்டின்மேல் காற்று மோதினால், தண்டுக்குப் பின்னால் இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறிச் சுழல்கள் கழன்று போகும். அந்தத் தாளத்தில் தண்டு அதிரும். கணக்கு எளிது. வினாடிக்கு எத்தனை மீட்டர் காற்று என்பதைத் தண்டின் விட்டத்தால் (அதையும் மீட்டரில் போட்டு) வகுத்து 0.2ஆல் பெருக்கினால் போதும். வினாடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகக் காற்றில் 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள காலுக்குச் சுமார் 40 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 40 அதிர்வு) வரும். அதே காற்றில் 12 மில்லிமீட்டர் மெல்லிய காலுக்கு 80ஐத் தாண்டிவிடும். மெல்லிய கால் வளைந்தும் கொடுக்கும், அதிர்வும் கூடுதலாகக் கேட்கும். தடித்த கால் உள்ளதாகப் பாருங்கள்.

கம்பம் மைக்செட், கம்பம்

வாத்தியார் சார், கம்பத்தில் மைக்செட் வைத்திருக்கிறேன். அப்பா தொடங்கிய தொழில். திருவிழாவும் கட்சிக் கூட்டமும் இல்லாத மாதங்களில் சுருளி, மேகமலை அடிவாரம், லோயர் கேம்ப் என்று ரெக்கார்டரோடு கிளம்பிவிடுவேன். காடும் வயலும் எழுப்புகிற சத்தத்தை உள்ளபடி பிடித்து வைக்க வேண்டும் என்பது எனக்குத் தொழிலைவிடப் பெரிய ஆசை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம். ட்ரைபாடைக் கேமராக்காரர் பார்க்கிற பார்வையில் பார்த்து வாங்காதீர்கள். கேமராவுக்கு ஷட்டர் திறந்து மூடுகிற நேரம் அசையாமல் இருந்தால் போதும். நமக்கு அரை மணி, ஒரு மணி நேரம் ஸ்டாண்ட் வாயே திறக்கக் கூடாது. கண்ணுக்கு ஆடாமல் நிற்கிற ஸ்டாண்ட் காதுக்கு ஆடும். எத்தனை கிலோ தாங்கும் என்று அட்டைப் பெட்டியில் போட்டிருப்பார்கள். உங்கள் ரெக்கார்டர் ஒரு செல்போன் எடைகூட இல்லை, அந்த எண்ணைப் பார்த்து ஆகப்போவது ஒன்றும் இல்லை.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? கடைக்குப் போகும்போது ரெக்கார்டரையும் நல்ல ஹெட்ஃபோனையும் எடுத்துப் போங்கள். ட்ரைபாடை விரித்து, ரெக்கார்டரை மாட்டி, ஹெட்ஃபோனைக் காதில் போட்டு, பதிவு அளவைக் கூட்டி வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரல் நகத்தால் காலின் அடிப்பகுதியில் ஒரு தட்டுத் தட்டுங்கள். சில ட்ரைபாடில் "டொக்" என்று ஒரே சத்தத்தோடு முடிந்துவிடும். சிலதில் "டிங்ங்" என்று இழுக்கும். இழுப்பதை எடுத்து ஓரமாக வையுங்கள். அடுத்து நடுத்தண்டைப் பிடித்து லேசாக உலுக்குங்கள். எந்த மூட்டில் கடகடவென்கிறது என்று கேட்கும். பூட்டு, கீல், கொக்கி, கைப்பிடி, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பிடித்து மறுபடி உலுக்கினால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். கடைக்காரர் ஒருமாதிரி பார்ப்பார், பரவாயில்லை. இந்தச் சோதனைக்கு மிஞ்சிய சோதனை இல்லை.

உங்கள் கிணுகிணுப்புக்கு வருகிறேன். அந்த வகை வீடியோ ட்ரைபாடை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சத்தம் எங்கிருந்து என்று இங்கிருந்தே ஓரளவு சொல்ல முடியும். முதல் சந்தேகம் திருப்புகிற கைப்பிடி. நீட்டிக்கொண்டு நிற்பதால் லேசான காற்றுக்கும் அதிரும். மரையைத் திருகிக் கழற்றிவிடுங்கள், ஒலிப்பதிவுக்கு அது எதற்கும் வேண்டாம். இரண்டாவது, நடுத்தண்டின் அடியில் இருக்கும் ஸ்பிரிங் கொக்கி. மூன்றாவது, கால்களை இணைக்கும் பட்டையின் ரிவிட்டுகள். வார் மாட்டுகிற இரும்பு வளையம் இருந்தால் அதையும் பாருங்கள். ஆடுகிற இடத்தில் எல்லாம் துணி டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள். இன்சுலேஷன் டேப் வெயிலில் பிசுபிசுத்து விலகிவிடும், துணி டேப்தான் நிற்கும். புதிது வாங்கும்வரை இந்த ட்ரைபாடிலேயே பாதிச் சத்தம் குறையும்.

வரப்புக்கு நடுப்பட்டை உள்ள ட்ரைபாட் சரிப்படாது. பட்டை இருந்தால் ஒரு காலை மட்டும் தனியாக அகட்ட முடியாது. ஒவ்வொரு காலும் தன் பாட்டுக்கு வேறு வேறு கோணத்தில் நிற்கிற வகையைக் கேளுங்கள். காலின் மேல் முனையில், தொடை மூட்டில், ஒரு சின்ன பித்தான் அல்லது பூட்டு இருக்கும். அதை இழுத்தால் கால் அகலமாக விரியும். அப்போது இரண்டு கால்களை வரப்பின் நீளவாக்கில் நிறுத்தி, மூன்றாவதை நீட்டி வாய்க்கால் கரையிலோ அடுத்த வரப்பிலோ ஊன்றலாம். முழுக்க அகட்டினால் ஆரல்வாய் தம்பி சொன்னபடி முழங்காலுக்குக் கீழேயும் இறக்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே பணம் கொடுக்கலாம்.

காலில் மூன்று அடுக்குக்கு மேல் வேண்டாம். நாலு, ஐந்து அடுக்கு வைத்து மடித்தால் சின்னதாகும் என்று விற்பார்கள். அடுக்கு கூடக் கூட அடிக்கால் பென்சில் கணக்காக மெலிந்துவிடும், மூட்டும் கூடும். பைக்கில் கொண்டு போக மூன்று அடுக்கு ட்ரைபாடைப் பின் சீட்டில் நீளவாக்கில் கட்டினாலே போதும். உயரம் வேண்டும்போது முதலில் மேலடுக்கைத்தான் நீட்ட வேண்டும், அடிக்காலைக் கடைசியில். நடுத்தண்டை எக்காரணம் கொண்டும் தூக்காதீர்கள். தூக்கிய தண்டு ஒற்றைக் கம்பி, மூன்று கால் வைத்ததன் பலனே போய்விடும்.

பூட்டு இரண்டு வகை. மடக்குப் பூட்டு, திருகுப் பூட்டு. வயலுக்கு நான் மடக்குப் பூட்டையே சொல்வேன். சேறான கையால் திருகுப் பூட்டை இறுக்கினால் வழுக்கும், மணல் உள்ளே போனால் அரைக்கும். மடக்குப் பூட்டு இருட்டிலும் கைக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் கால்களை முழுக்க இழுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, நீட்டியபடியே காய வையுங்கள். ஈரத்தோடு மடித்துப் பையில் போட்டால் அடுத்த வாரம் பூட்டுகள் கரகரவென்று இருக்கும்.

கார்பனா அலுமினியமா? கார்பன் ஃபைபர் எடை குறைவு, அதிர்வும் சீக்கிரம் அடங்கும். அது நிஜம்தான். ஆனால் ஆறாயிரத்துக்குள் கிடைக்கிற கார்பன் ட்ரைபாடில் கால்கள் பெரும்பாலும் ஒல்லியாக இருக்கும். எடை இல்லாத ஸ்டாண்ட் காற்றில் தத்தளிக்கும், நாமே எடை கட்ட வேண்டிவரும். மலை ஏறுகிறவருக்கு அது வேண்டும். வீட்டு வாசலில் வயல் இருக்கும்போது எதற்கு? இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட, கால் தடித்த அலுமினியமே உங்களுக்கு நல்லது. புதிதாகத்தான் வேண்டும் என்றும் இல்லை. மேன்ஃப்ரோட்டோ 055 மாதிரி இரண்டரைக் கிலோ ட்ரைபாடை ஸ்டூடியோக்காரர்கள் பழையதாக விற்கும்போது விசாரித்து வையுங்கள். தென்காசியில் நாலு ஸ்டூடியோவில் சொல்லி வைத்தால் எப்படியும் ஒன்று வரும். தலை இல்லாமல் கால்கள் மட்டும் கிடைத்தாலும் வாங்கலாம், பால் ஹெட் உங்களுக்குத் தேவையே இல்லை. மைக்கைக் கால் டிகிரி கணக்கில் திருப்பப் போவதில்லை. தலை என்பது இன்னொரு மூட்டு, இன்னொரு கடகடப்பு.

எடை கட்டுவது பற்றி. நடுக்கொக்கியில் பையைத் தொங்கவிடு என்று எல்லாரும் சொல்வார்கள். தொங்கவிட்ட பை காற்றில் ஆடிக் காலில் இடிக்கும், அது பதிவில் மாட்டு வண்டி மாதிரி கேட்கும். பையின் அடி தரையைத் தொட்டும் தொடாமலும் இல்லாமல், நன்றாகத் தரையில் பதியும்படி கயிற்றை நீட்டிக் கட்டுங்கள். ஒரு உரச்சாக்குத் துண்டில் மணல் போட்டு மூன்று காலுக்கும் நடுவே உட்காரவைத்து, கொக்கியோடு இழுத்துக் கட்டினால் இன்னும் நல்லது.

சேற்றில் சாய்வதற்கு வழி சுலபம். பழைய டயரை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி மூன்று துண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காலின் கீழும் ஒன்று. கால் புதையாது, தரை வழியாக வருகிற அதிர்வும் குறையும். டயர் கடையில் சும்மாவே கொடுப்பார்கள்.

இவ்வளவும் சொன்னபின் முக்கியமான கணக்கு. ஆறாயிரத்தையும் ட்ரைபாடிலேயே போடாதீர்கள். முதலில் உரோம மூடி. ஸ்பாஞ்சு வீட்டுக்குள் பேசுவதற்கு, வெளிக்காற்றுக்கு அது தாங்காது. எச்1என்னுக்கு அளவான உரோம மூடி ஆன்லைனில் கிடைக்கிறது. இரண்டாவது, ரெக்கார்டருக்கும் ட்ரைபாடுக்கும் நடுவே ஷாக் மவுண்ட். ரப்பர் வளையங்களில் ரெக்கார்டர் தொங்குகிற மாதிரி இருக்கும். இப்போது நீங்கள் உலோகத்தோடு உலோகமாக மரை போட்டு முறுக்கியிருக்கிறீர்கள், காலில் எறும்பு ஊர்ந்தாலும் மைக்குக்குச் செய்தி போகும். இந்த இரண்டுக்கும் சேர்த்து இரண்டாயிரம் ஒதுக்குங்கள், மீதி நாலாயிரத்தில் ஸ்டாண்ட் பாருங்கள். இருக்கிற லேசான ட்ரைபாடே இந்த இரண்டும் சேர்ந்தால், புதிய விலை உயர்ந்த ட்ரைபாடில் நேராக முறுக்கிய ரெக்கார்டரை ஜெயித்துவிடும்.

ரெக்கார்டரில் தாழ் ஒலி வெட்டும் வசதி இருக்கிறது. தவளைக்கு 80 ஹெர்ட்ஸில் வையுங்கள், அதற்குக் கீழே தவளை எதுவும் கத்தாது. பொத்தானை அமுக்குகிற சத்தத்துக்கு செல்ஃப் டைமர் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஹெட்ஃபோன் வயர் மாட்டியிருந்தால் அது காலில் தட்டும், ஒரு சுற்றுச் சுற்றி டேப் போட்டு ஒட்டுங்கள்.

எங்கள் பக்கத்து அனுபவம் ஒன்றும் சொல்கிறேன். ஸ்டாண்டே வேண்டாம், இருக்கிற தூணில் கட்டிவிடலாம் என்று தோன்றும். கம்பத்தில் திராட்சைப் பந்தலுக்குக் கல்தூண் நட்டிருப்பார்கள். கல் துளி அசையாது. ஆனால் அதன் தலையில் கட்டியிருக்கிற பந்தல் கம்பி காற்றில் ரீங்காரம் போடும், அது கல் வழியாக இறங்கி மைக்குக்கு வரும். உங்கள் ஊர் முள்கம்பி வேலிக்கும் இதேதான். கம்பி தொடாத மரம் என்றால் தாராளமாகக் கட்டலாம், நல்ல பருமனான தென்னையோ புளியோ இருந்தால் ட்ரைபாடைவிட அதுவே மேல்.

பெரியாற்றங்கரை, வண்டிப்பெரியாறு

கம்பம் அண்ணன் சொன்னதில் பெரும்பாலும் எனக்கும் உடன்பாடு. ஆனால் உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மைக்கைக் கீழே இறக்குவது வயலுக்குச் சரி, எங்கள் தேயிலைக் காட்டுக்குச் சரிவராது. கவாத்து செய்த செடியே இடுப்பளவு இருக்கும். அதற்குள் மைக்கை வைத்தால் இலை உரசுவதுதான் கேட்கும். செடிக்கு மேலே மைக் போனால்தான் ஓடைப்பக்கம் விடியற்காலையில் சீட்டியடிக்கிற சீகார்ப் பூங்குருவி சுத்தமாகக் கிடைக்கும்.

அதற்காக நான் ஸ்டூடியோக்காரர்களின் லைட் ஸ்டாண்ட் வைத்திருக்கிறேன். இரண்டு மீட்டருக்கு மேல் போகும், மடித்தால் கைக்குடை கணக்காக லேசு, விலையும் ட்ரைபாடைவிடக் குறைவு. உச்சியில் கால் இஞ்சு மரை இருக்கும், உங்கள் ரெக்கார்டர் அப்படியே ஏறும். ஆனால் அது ஒற்றைத் தண்டு, தனியாக நிற்க விட்டால் ஆடும். மூன்று பக்கமும் கூடாரத்துக்குக் கட்டுவது போலக் கயிறு இழுத்து முளை அடித்துவிடுவேன். நைலான் கயிறு மட்டும் வேண்டாம். ஆரல்வாய் அண்ணன் கொடுத்த கணக்கில் 3 மில்லிமீட்டர் கயிற்றைப் போட்டுப் பார்த்தேன், சுமார் 330 ஹெர்ட்ஸ் வருகிறது. தவளைச் சத்தத்தின் நடுவிலேயே போய் விழும், வடிகட்டவும் முடியாது. நான் தேங்காய் நார்க் கயிறுதான் கட்டுகிறேன். பிசிறு பிசிறாக இருப்பதால் அது காற்றில் பாடுவதில்லை.

இங்கே நின்று நிதானமாக ஸ்டாண்ட் விரிக்க முடியாது, அட்டை ஏறிவிடும். சட்டென்று விரித்து, பூட்டி, நகர வேண்டும். மடக்குப் பூட்டுக்கு என் ஓட்டும் உண்டு.

மழை பற்றி யாரும் சொல்லவில்லை, புளியரைச் சாரலுக்கு அது முக்கியம். உரோம மூடி நனைந்து ஒட்டிப்போனால் காற்றைத் தடுக்காது. துளி விழுகிற சத்தமும் டப் டப் என்று பதிவாகும். குடை பிடித்தால் இன்னும் மோசம், குடைத்துணியே பறை ஆகிவிடும். மெத்தைக் கடையில் ரப்பர் போட்ட தேங்காய் நார்ப் பாய் துண்டாகக் கிடைக்கும். அதை மைக்கில் படாமல் ஒரு சாண் மேலே, சாய்வாக ஒரு குச்சியில் கட்டுங்கள். துளி நாரில் விழுந்து உடைந்து சத்தமில்லாமல் ஒழுகிவிடும். ஸ்டாண்டில் கட்டாமல் தனிக் குச்சி நட்டுக் கட்டுவது நல்லது.

ஸ்டாண்டை விட்டுவிட்டுப் போகும்போது குரங்கு இருக்கிற இடமா என்று பாருங்கள் சார். உரோம மூடியைக் கண்டால் பிடுங்காமல் விடாது. அப்புறம், உங்கள் பக்கம் தென்மலை தாண்டிச் செந்துருணி சரணாலயத்துக்குள் போய்ப் பதிவு செய்ய நினைத்தால் கேரள வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். எங்களுக்குப் பெரியாறு புலிகள் காப்பகத்திலும் அதே விதிதான்.

வரப்போரம், புளியரை

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. கம்பம் அண்ணாச்சி சொன்னபடி கைப்பிடியைக் கழற்றிவிட்டு, கொக்கியிலும் ரிவிட்டிலும் துணி டேப் சுற்றினேன். கிணுகிணுப்பு நின்றேவிட்டது. உரோம மூடியும் ஷாக் மவுண்டும் ஆர்டர் போட்டாயிற்று. ஆரல்வாய்த் தம்பி கொடுத்த கணக்கை இயற்பியல் ஆசிரியரிடம் காட்டினேன், பன்னிரண்டாம் வகுப்புக்குச் செய்துகாட்டப் போவதாகச் சொன்னார். சகோதரி சொன்ன நார்ப் பாய்க்குத் தென்காசியில் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போது இரண்டு கேள்வி. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் இருக்கிறார். நிலம் அளக்கிற கருவியை வைக்கும் மர முக்காலி ஒன்றை, "சும்மாதான் கிடக்கு, வேணும்னா எடுத்துக்குங்க" என்கிறார். கனமாக இருக்கிறது, கால் நுனியில் இரும்புக் கூர். மேலே ஒரு பெரிய மரை நீட்டிக்கொண்டிருக்கிறது, மைக் ஸ்டாண்ட் மரை மாதிரியே தெரிகிறது. இதைப் பயன்படுத்தலாமா?

இன்னொன்று, பகவதிபுரத்தில் இருந்து ஆரியங்காவுக்கு ஏறுகிற ரயில். 1904இல் போட்ட பாதை. மீட்டர் கேஜ் காலத்தில் அந்த ஏற்றத்தில் கேட்ட சத்தத்தை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் வாயாலேயே செய்து காட்டுவார்கள். அதைப் பதிவு செய்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. 2018இல் அகலப் பாதை வந்துவிட்டது. முன்னால் ஒரு எஞ்சின் இழுக்க, பின்னால் இன்னொன்று தள்ள, ஏற்றத்தில் அது மூச்சுவாங்கிப் போகிற சத்தத்தை இப்போதாவது எடுத்து வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தவளைக்குச் சொன்ன ஏற்பாடே இதற்கும் சரியா?

கம்பம் மைக்செட், கம்பம்

சார், யோசிக்கவே வேண்டாம், அந்த முக்காலியை இன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுவந்து விடுங்கள். மரம் அதிர்வைத் தனக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும், நகத்தால் தட்டினால் "டொக்" என்பதோடு சரி. ஜெர்மனியில் பெர்லெபாக் என்ற கம்பெனி இன்றும் ஆஷ் மரத்தில் ட்ரைபாட் செய்து விற்கிறது, விலை நமக்கு எட்டாது. உங்களுக்குத் தெருவிலேயே கிடைக்கிறது. கூர்முனைக்கு மேலே கால் வைத்து மிதிக்க ஒரு இரும்புத் துண்டு நீட்டியிருக்கும். ஈர மண்ணில் மிதித்து இறக்கினால் கணவாய்க் காற்று ஒன்றும் செய்யாது. கால்கள் தனித்தனியாக விரியும், வரப்புக்கும் பொருந்தும். பைக்கில் கொண்டுபோவதுதான் கொஞ்சம் சிரமம், வீட்டுப் பக்கத்து வயலுக்குத் தோளில் போட்டே போகலாம்.

மரை விஷயத்தில் மட்டும் கவனம். பார்க்க மைக் ஸ்டாண்ட் மரை மாதிரியே இருக்கும், இரண்டும் அஞ்சு நூல் தடிமன்தான் (ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு). ஆனால் சர்வே முக்காலியில் இஞ்சுக்கு 11 சுற்று, மைக் ஸ்டாண்டில் இஞ்சுக்கு 27 சுற்று. ஒன்றில் ஒன்று ஏறவே ஏறாது. கட்டாயப்படுத்தி முறுக்கினால் இரண்டு மரையும் மழுங்கிப்போகும். மைக் கடையில் கேட்காதீர்கள், நேராக லேத் பட்டறைக்குப் போங்கள். ஒரு பித்தளைத் துண்டின் அடியில் அஞ்சு நூலில் இஞ்சுக்கு 11 சுற்று உள்மரை, தலையில் கால் இஞ்சில் இஞ்சுக்கு 20 சுற்று வெளிமரை, இவ்வளவுதான் வேலை. பின்னாளில் பெரிய மைக் வாங்குவதாக இருந்தால் தலையில் மூணு நூல், இஞ்சுக்கு 16 சுற்று போட்டு ஒன்று கூடவே செய்துகொள்ளுங்கள். பித்தளைக்கும் முக்காலித் தலைக்கும் நடுவே சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு வாஷர் போட மறக்காதீர்கள்.

ரயிலுக்குத் தவளை ஏற்பாடு அப்படியே சரிவராது. அடிவயிற்றில் கேட்கிற அந்த உறுமல்தான் ரயிலின் உயிரே, தாழ் ஒலி வெட்டியை அணைத்துவிடுங்கள். அப்படி அணைத்தால் காற்றும் உள்ளே வரும் என்பதால் சாரல் காற்று இல்லாத மாதமாகப் பாருங்கள், ஜனவரி, பிப்ரவரி விடியற்காலை நல்லது. ரயில் வரும்போது தரையே அதிரும். கூர்முனையை மண்ணில் இறக்கினால் அந்த அதிர்வு நேராகக் காலில் ஏறும். ரயிலுக்கு மட்டும் கூர்முனையைப் பதிக்காமல் டயர் துண்டின்மேல் நிறுத்துங்கள், ஷாக் மவுண்ட் கட்டாயம். பதிவு அளவைத் தவளைக்கு வைத்ததைவிட ரொம்பவும் குறைத்து வையுங்கள். ஹாரன் அடித்தால் அளவு காட்டும் மீட்டர் உச்சத்தைத் தொட்டு, பதிவில் சத்தம் உடையும், உடைந்ததைப் பின்னால் ஒட்டவைக்க முடியாது. ரெக்கார்டரில் 24 பிட் தரத்தை வைத்துப் பதிந்தால் குறைவாகப் பதிந்ததைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

தண்டவாளத்துக்கோ சுரங்கத்துக்கோ அருகில் போகவே வேண்டாம், அது ரயில்வே இடம், ஆபத்தும்கூட. கொல்லம் சாலை பாதையை ஒட்டியேதான் போகிறது. சாலையில் இருந்து உள்ளே தள்ளி, உங்களுக்குத் தெரிந்தவர் தோப்பு ஏதாவது இருந்தால் அங்கே நிறுத்துங்கள். தூரத்தில் இருந்து எடுக்கும்போதுதான் முன் எஞ்சினும் பின் எஞ்சினும் தனித்தனியாகக் கேட்கும், மலையில் பட்டு எதிரொலிப்பதும் வரும். பக்கத்தில் நின்றால் எல்லாம் ஒரே இரைச்சலாகிவிடும். ரயில் போனபின்னும் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள், பின் எஞ்சின் வளைவில் மறைகிறவரை சத்தம் இருந்துகொண்டே இருக்கும்.

லேத்துக்குப் போகும்போது முக்காலியின் மரைத் தண்டைக் கழற்ற முடிந்தால் கழற்றி எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் முக்காலியையே தூக்கிப் போங்கள். ஷாக் மவுண்டையும் கையில் வைத்திருங்கள். அளவைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடாமல், இரண்டு மரையும் கடைசிச் சுற்றுவரை கையாலேயே ஏறுகிறதா என்று அங்கேயே முறுக்கிப் பார்த்தபின் காசு கொடுங்கள்.